மாத்திரை இலவசம், கூலி போச்சே

தோழர்களே, சேர்வராயன் மலையிலே காப்பித் தோட்டத்துச் சனங்க பிரஷர் மாத்திரையைப் பாதியிலே நிறுத்திட்டா 'அறியாமை' என்கிறார்கள். நான் ஒப்பவில்லை. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1995 முதல் மருந்து வாங்கி அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்புகிறது. மாத்திரைக்குக் காசில்லை, சரி. ஏற்காடு போய் வரிசையிலே நின்னா ஒரு நாள் கூலி போச்சே! பிரஷர் வலிக்காத நோய், பசி வலிக்கும். எதை விடுவாள்?

2021 ஆகஸ்டில் வந்த 'மக்களைத் தேடி மருத்துவம்' மாத்திரையை வாசலுக்கே கொண்டுவந்தது. நல்லது, வரவேற்கிறேன். ஆனா பழம் பறிக்கிற மாசத்திலே பகலில் வாசலில் யார் இருப்பா? பெரிய தோட்டங்களில் மருத்துவ வசதி முதலாளி கடமையென்று 1951லேயே சட்டம் சொன்னது. காலையில் ஆள் சேருகிற இடத்துக்கே மாத்திரை வரட்டும். வாங்க நிற்கிற நேரத்துக்கும் கூலி போடு.