மார்புப் பாரத்தைக் குறைக்கும் ஆபரேஷன்: கணவன் மனைவி இருவரும் தெரிந்துகொள்ள வேண்டியது

(ராசிபுரம் வட்டாரத் தம்பதிகளுக்கான குடும்ப நலப் பேச்சு)



குடும்ப நலப் பேச்சு என்றால் கருத்தடை, தடுப்பூசி, சத்துணவு இவைதான் வரும் என்று நினைத்து வந்திருப்பீர்கள். இன்றைக்குப் பேசப்போவது கொஞ்சம் கூச்சமான விஷயம். கூச்சப்பட்டுப் பேசாமல் விடுவதால்தான் பல பெண்கள் பத்து வருஷம், இருபது வருஷம் வலியைச் சுமந்துகொண்டே காலம் தள்ளுகிறார்கள். அதனால் ஆண்களும் எழுந்து போகாமல் உட்கார்ந்து கேட்கும்படி கேட்டுக்கொள்கிறேன். பாதிப் பேச்சு உங்களுக்குத்தான்.

சில பெண்களுக்கு மார்பு, உடம்பு தாங்குகிற அளவுக்கு மேல் பெருத்துவிடுகிறது. சிலருக்கு வயதுக்கு வந்த காலத்திலேயே, சிலருக்குப் பிள்ளை பெற்ற பிறகு, சிலருக்கு உடம்பு எடை கூடும்போது. மிகவும் பெருத்தால் ஒரு பக்கமே ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும். இதை அழகுப் பிரச்சினை என்று ஒதுக்காதீர்கள். கழுத்தில் இரண்டு கிலோவைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு நாள் முழுதும் குனிந்து கடலைக்காய் பறித்துப் பாருங்கள், அப்போது தெரியும். மஞ்சள் காட்டில் களை எடுக்கிறவர்கள், சேகோ ஆலையில் கிழங்குத் தோல் சீவுகிறவர்கள், தறிக்குழியில் உட்கார்ந்து நெய்கிறவர்கள் எல்லோரும் குனிந்த வேலைக்காரர்கள். பிடரி வலி, தோள்பட்டை வலி, நடுமுதுகு வலி, உள்பாடிப் பட்டை அழுத்தித் தோளில் பள்ளம், சிலருக்குக் கைவிரல் மரத்துப் போவது, சித்திரை வெயிலில் மார்புக்கு அடியில் வியர்த்து வெந்து புண்ணாகிப் படை பிடிப்பது. வெளியில் காட்ட முடியாத புண் அது. புருஷனிடம்கூடச் சொல்லாமல் பவுடரைப் போட்டுக்கொண்டு காட்டுக்குப் போகிறவர்கள் உண்டு.

மாமியார் "பிள்ளை பெத்தவளுக்கு இதெல்லாம் சகஜந்தான் கண்ணு" என்பார். அவர் சொல்வதில் பாதி உண்மை. கர்ப்ப காலத்திலும் பால் கொடுக்கும் காலத்திலும் எல்லோருக்கும் பெருக்கத்தான் செய்யும். அது இயற்கை, பால் நின்றபின் பெரும்பாலும் குறையும். குறையாமல் வேலை செய்யவிடாத வலியோடு நின்றுவிட்டால் அது சகஜம் இல்லை. அதற்கு வைத்தியம் இருக்கிறது.

அந்த வைத்தியம் பணக்காரர்களுக்கு மட்டும் என்ற எண்ணமும் உண்டு. 2018இல் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில், பிளாஸ்டிக் சர்ஜரித் துறையில், மார்பகச் சீரமைப்புக்கு இலவசச் சிகிச்சைப் பிரிவு தொடங்கினார்கள். அப்போது சுகாதார அமைச்சர் டாக்டர் சி. விஜயபாஸ்கர். புற்றுநோயால் மார்பை இழந்தவர்களுக்குத் திரும்ப அமைத்துக் கொடுப்பது அதற்கு முன்பே அங்கே நடந்து வந்ததுதான். அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் சேர்ந்தபோது, அரசாங்கப் பணத்தில் அழகு வைத்தியமா என்று பத்திரிகைகளில் பெரிய வாதம் நடந்தது. பெரிதாக்குவதைப் பற்றி எப்படியும் வாதாடிக்கொள்ளட்டும். குறைப்பது முதுகு வலிக்கும் தோள் வலிக்கும் செய்கிற வைத்தியம். இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவது சரியல்ல என்பது என் அபிப்பிராயம்.

இன்னொரு பயமும் உண்டு. "பிளாஸ்டிக் சர்ஜரின்னா உள்ளே பிளாஸ்டிக் வச்சுத் தெச்சுருவாங்களாமே?" என்று கேட்கிறார்கள். இல்லை. கிரேக்க மொழியில் அந்தச் சொல்லுக்கு உருவம் கொடுப்பது என்று பொருள். இந்த ஆபரேஷனில் வெளியிலிருந்து எதையும் உள்ளே வைப்பதில்லை, எடுக்கத்தான் செய்கிறார்கள்.

எப்போது செய்துகொள்வது என்பதுதான் தம்பதிகள் முதலில் யோசிக்க வேண்டியது. இன்னும் குழந்தை வேண்டும் என்றிருந்தால், வலி தாங்குகிற அளவில் இருக்கும்வரை, பெற்றுப் பால் கொடுத்து முடித்தபின் செய்துகொள்வது நல்லது. காரணம் இரண்டு. ஆபரேஷனுக்குப் பிறகு கர்ப்பமானால் மார்பு மறுபடி பெருத்து, செய்த வேலை ஓரளவு வீணாகலாம். அடுத்தது தாய்ப்பால். காம்பை அடித்தசையோடும் ரத்தக் குழாயோடும் ஒட்டியபடியே மேலே நகர்த்தி வைத்தால் பிற்பாடு பால் கொடுக்க வாய்ப்பு உண்டு. ஆனால் போதுமான அளவு வரும் என்று எந்த டாக்டரும் உறுதி சொல்ல மாட்டார். மிகமிகப் பெருத்த மார்பில் சில சமயம் காம்பைத் தனியே எடுத்து ஒட்ட வேண்டியிருக்கும். அப்படிச் செய்தால் பால் கொடுக்க முடியாது. ஆபரேஷன் செய்துகொண்ட பிறகு குழந்தை பிறந்தால், முதல் நாளிலேயே கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லிவிடுங்கள். குழந்தையை அடிக்கடி எடை போட்டுப் பார்த்து, பால் போதவில்லை என்றால் வழி சொல்வார்கள்.

பால் மறக்கடித்து ஆறு மாதமாவது போகட்டும். மார்பு அதன் நிலையான அளவுக்கு வரும். அதுவரையிலும், ஆபரேஷனுக்குத் தேதி குறித்த பிறகும், கர்ப்பம் தரிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். காப்பர்-டி போட்டவர்களுக்கு ஒரு தடையும் இல்லை. மாலா-என் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைக் கட்டாயம் டாக்டரிடம் சொல்ல வேண்டும். ரத்தம் உறையும் ஆபத்தை அது சற்றே கூட்டும் என்பதால் சில காலம் நிறுத்தச் சொல்லக்கூடும். அந்தச் சில மாதம் நிரோத் உபயோகிப்பது கணவரின் பொறுப்பு. வயதுக்கு வந்த பெண் பிள்ளைகளுக்கு வளர்ச்சி நின்ற பிறகே இதை யோசிக்க வேண்டும்.

ஆபரேஷனுக்கு முன் டாக்டர் நிறையக் கேள்வி கேட்பார். சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்ப்பார்கள். ரத்த சோகை இருந்தால் இரும்புச் சத்து மாத்திரை கொடுத்துச் சரி செய்தபின்தான் தேதி தருவார்கள். எடை கூடுதலாக இருந்தால் முதலில் குறைக்கச் சொல்லலாம். எடை குறைந்தே வலி தணிந்தவர்களும் உண்டு. புகையிலை போடுகிறவர்கள் குறைந்தது நாலு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். வெற்றிலையோடு போடும் துண்டுப் புகையிலையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். புகையிலை ரத்தக் குழாயைச் சுருக்கும். ரத்தம் போகாத இடத்தில் காயம் ஆறாது, காம்பே கருத்துப் போகலாம். மார்பில் கட்டி தட்டுப்பட்டால் இந்தப் பேச்சையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு அதை முதலில் பரிசோதிக்க வேண்டும். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு மேமோகிராம் என்ற படமும் எடுப்பார்கள். தடவினால் குறையும், நீவினால் குறையும் என்று சந்தையில் விற்கிற தைலத்துக்குக் காசு கொடுக்காதீர்கள்.

ஆபரேஷன் நடப்பது முழு மயக்கத்தில். இரண்டு மணி முதல் நாலு மணி நேரம் ஆகும். அன்று காலை வெறும் வயிற்றில் இருக்க வேண்டும். காம்பைச் சுற்றி வட்டமாகவும், அங்கிருந்து கீழே நேராகவும், மார்புக்கு அடியில் வளைவாகவும் வெட்டி, உள்ளே உள்ள கொழுப்பு, சுரப்பித் தசை, மிச்சத் தோல் ஆகியவற்றை எடுத்து, காம்பை மேலே உயர்த்தித் தைப்பார்கள். ஆறின பிறகு தழும்பு நங்கூரம் போல இருக்கும். எடுத்த தசையைப் பரிசோதனைக்கு அனுப்புவது வழக்கம். அதைக் கேட்டுப் பயந்துவிட வேண்டாம்.

கண் விழிக்கும்போது மார்பைச் சுற்றிக் கட்டு இருக்கும். கெட்ட ரத்தம் வடிய இரண்டு பக்கமும் சிறு குழாய் வைத்திருக்கலாம். ஒன்றிரண்டு நாளில் எடுத்துவிடுவார்கள். வலி இருக்கும், மாத்திரைக்கு அடங்கும். ஒன்று முதல் மூன்று நாளில் வீட்டுக்கு அனுப்பலாம். இரண்டு மூன்று வாரம் வீக்கமும் கன்றிப்போன நிறமும் இருக்கும். முதலில் ஒன்று பெரிதாக, ஒன்று சிறிதாகத் தெரியும். சரியான உருவம் வர மாதக்கணக்கில் ஆகும். காம்பில் உணர்ச்சி மரத்திருக்கலாம், சிலருக்கு அது திரும்பாமலே போகலாம். இதைக் கணவரும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும், பிறகு மனத்தாங்கல் கூடாது. தழும்பு ஒரு வருஷம்வரை சிவந்திருக்கும், பிறகு மங்கும். முற்றிலும் மறையாது. சிலருக்குத் தடித்த தழும்பாகும். உடம்பில் முன்பு அப்படி ஆகியிருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

இனி ஆண்களுக்கு. ஆறு வாரத்துக்கு அந்த அம்மாள் கனமான எதையும் தூக்கக் கூடாது. பதினைந்து லிட்டர் குடம் என்றால் பதினைந்து கிலோ. அதை யார் எடுப்பது? கைக்குழந்தையை யார் தூக்குவது? மாவாட்டுவது, துணி பிழிவது, மாட்டுக்குத் தீவனம் போடுவது, தறியில் உட்காருவது இவை எல்லாமே கையை வீசி, தோளை இழுத்துச் செய்கிற வேலைகள். தையல் பிரிந்தால் மாதக்கணக்கில் கட்டுப் போட்டுக்கொண்டு நடக்க வேண்டும். பல தம்பதிகள் ஆபரேஷனுக்குச் சம்மதித்துவிட்டு, பத்தாம் நாள் "இப்பதான் நல்லா இருக்கியே" என்று பழைய வேலையைத் தலையில் வைத்துவிடுகிறார்கள். ஆகவே தேதி வாங்கும் முன்பே கணக்குப் போடுங்கள். மஞ்சள் வெட்டு, கடலை பறிப்பு இல்லாத காலமாகப் பார்த்து, அம்மா வீட்டிலிருந்தோ தங்கை வீட்டிலிருந்தோ ஒருவர் வந்து இருக்க ஏற்பாடு செய்யுங்கள். குண்டும் குழியுமான ரோட்டில் வண்டியின் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப் போகாமல் பஸ்ஸில் போங்கள். தாம்பத்திய உறவையும் டாக்டர் சொல்லும்வரை, சாதாரணமாகச் சில வாரம், ஒத்திப் போட வேண்டும்.

அழுத்தமான உள்பாடியை ராப்பகலாக, டாக்டர் சொன்ன நாள்வரை போட்டிருக்க வேண்டும். காயத்தின்மேல் மஞ்சள், திருநீறு, தேங்காய் எண்ணெய் எதுவும் கூடாது. நாமகிரிப்பேட்டை மஞ்சளுக்கு நாடெங்கும் பேர் உண்டு, குழம்பில் போடுங்கள், தையலில் வேண்டாம். நேர்த்தையலும் அடித்தையலும் சேருகிற இடம் மெதுவாகத்தான் ஆறும். கொஞ்சம் நீர் கசிந்தால் கட்டு மாற்றிக்கொண்டே இருக்க ஆறிவிடும். ஆனால் ஒரு பக்கம் மட்டும் திடீரென வீங்கி இறுகினாலும், காய்ச்சலோடு சீழ் வந்தாலும், காம்பு கருத்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ 108ஐக் கூப்பிடுங்கள்; காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்குப் போயிருக்கக்கூடும்.

பிடரிப் பாரம் குறைந்தது பலருக்கு முதல் வாரத்திலேயே தெரிகிறது. அடிமார்புப் புண்ணும் தோல் உலர்ந்து ஆறிவிடும். மார்பு முழுதும் எடுக்கப்படுவதில்லை என்பதால், பிற்பாடும் கட்டி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது அவசியம். படம் எடுக்கும்போது இந்த ஆபரேஷன் நடந்திருக்கிறது என்று சொல்லுங்கள்.

முதலில் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ ராசிபுரம் அரசு மருத்துவமனையிலோ பெண் டாக்டரிடம் காட்டுங்கள். தேவை என்று கண்டால் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, 2022இல் திறந்த நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ எழுதித் தருவார். குடும்ப அட்டை, ஆதார் அட்டை, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, பழைய சீட்டுகள் எல்லாம் கையில் இருக்கட்டும். காப்பீட்டில் சேருமா என்பதை அங்கேயே உள்ள காப்பீட்டுப் பிரிவில் தேதி வாங்கும் முன் கேட்டுவிடுங்கள். வெளியில் சொல்லக் கூச்சமாக இருந்தால் 104க்குப் போன் செய்து பேசலாம். கூட்டம் முடிந்து செவிலியர் அம்மாள் உள் அறையில் இருப்பார். தனியாகக் கேட்க வேண்டியவர்கள் அங்கே போய்க் கேட்கலாம், கணவரோடு போனாலும் சரி.