நிறுத்தக் கோடு



பால்மரம் வெட்டுகிற நமக்குத் தெரியும்: கத்தி தொடங்கும் இடத்தைப் போலவே அது நிற்கும் இடமும் முக்கியம். முன்கோட்டைத் தாண்டி வெட்டினால் அடுத்த பக்கத்துப் பட்டை வீணாகும். நம் உடம்பின் உயிரணுக்களிலும் இப்படி ஒரு நிறுத்தக் கோடு இருக்கிறது.

புரதம் செய்வதற்கான குறிப்பு மரபணுவில் எழுதப்பட்டிருக்கிறது. ஒரு நொதி அதைப் படித்துக்கொண்டே ஓடி, ஆர்.என்.ஏ. என்னும் நகலை எடுக்கிறது. அந்த நகலில் ‘ஏ ஏ யூ ஏ ஏ ஏ’ என்ற ஆறெழுத்து வந்ததும், காத்திருக்கும் புரதக் கூட்டம் ஒன்று அதைப் பற்றிக்கொள்கிறது. அடையாளம் காண்பவை சி.பி.எஸ்.எஃப். 30 என்ற சிறு உறுப்பும் அதன் துணைப் புரதமும். வெட்டுவது சி.பி.எஸ்.எஃப். 73 என்ற வேறோர் உறுப்பு. அடையாளத்துக்கு அப்பால் சுமார் 10 முதல் 30 எழுத்துக்குள் வெட்டு விழுகிறது. பிறகு நொதியும் ஓட்டத்தை நிறுத்தி விலகுகிறது.

“இதனால் நமக்கென்ன?” என்று நீங்கள் கேட்கலாம். இரத்தச் சிவப்பணுவில் உயிர்க்காற்றைச் சுமக்கும் ஹீமோகுளோபினுக்கும் இப்படி மரபணுக்கள் உண்டு. 1985ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் பீட்டா தலசீமியாவுக்குக் காரணமான ஒரு மரபணுவை ஆராய்ந்தார்கள். அந்த ஆறெழுத்தில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. கோடு தெரியாததால் நகல் ஏறக்குறைய 900 எழுத்து தாண்டி, அடுத்த அடையாளம் வரை நீண்டிருந்தது. ஹீமோகுளோபின் குறைந்துபோனது.

தலசீமியாவுக்கு வேறு மரபணுப் பிழைகளே பெரும்பாலும் காரணம். ஆனால் எந்தப் பிழையானாலும் கணக்கு ஒன்றுதான். பீட்டா தலசீமியாவின் பழுதான மரபணு ஒன்றை மட்டும் சுமப்பவர் பெரும்பாலும் நலமாகவே இருப்பார். கணவன், மனைவி இருவருமே சுமந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் பிள்ளைக்கு நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. கடுமையான நோயுள்ள பிள்ளைக்கு அடிக்கடி இரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும்.

ஆகவே, இப்படி ஒரு பிள்ளை பிறந்தால் மருமகளை மட்டும் குறை சொல்வது அறியாமை. குறை யாருடைய நடத்தையிலும் இல்லை. மலேசியாவில் 2016ஆம் ஆண்டு நான்காம் படிவ மாணவர்களுக்குப் பள்ளியிலேயே தலசீமியாப் பரிசோதனை தொடங்கப்பட்டது. பள்ளியை விட்டு வந்தவர்களும் திருமணத்துக்கு முன் மருத்துவரிடம் கேட்டு இரத்தத்தைச் சோதித்துக்கொள்ளலாம். ஜாதகம் பார்க்கும் நாம் இதையும் பார்ப்போம்.