கொட்டகைக்குள் நடந்த போர்



நினைவுப் பேருரை என்றால் புகழ்ந்துவிட்டு இறங்குவது வழக்கம். யார் பெயரால் கூடியிருக்கிறோமோ, அந்தத் தோழருக்கே அது பிடிக்காது. எனவே நம் சேக்காட்டிலிருந்தே தொடங்குகிறோம். பக்கத்தில் ஆவடி இராணுவக் கிடங்குகள் இரண்டாம் உலகப் போருக்காக வந்தவை. அந்தப் போரைக் காட்டிய தமிழ்ப் படங்களில் நாம் எங்கே இருந்தோம்?

1943இல் ஓர் ஆணை வந்தது. அரசு ஒப்புதல் பெற்ற போர்ப் படங்களை எல்லாக் கொட்டகைகளும் காட்டியாக வேண்டும். அதற்கான வாடகையும் கொட்டகைக்காரர் தலையில்தான். கச்சா ஃபிலிம் அரசின் பிடியில் இருந்தது. கதைப் படமே 11,000 அடியைத் தாண்டக் கூடாது. ஃபிலிம் வேண்டுமா, போருக்கு ஆதரவாகவும் படம் எடு. 'தியாகபூமி'க்குத் தடை வாங்கிய கே. சுப்பிரமணியமே 1945இல் 'மானசம்ரட்சணம்' எடுத்தார். அதே ஆண்டில் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் 'பர்மா ராணி' வந்தது. டி.ஆர். சுந்தரம் இயக்கி, ஜப்பானியத் தளபதியாகவும் நடித்தார். அவர்களைக் குற்றம் சொல்ல நாங்கள் வரவில்லை. தொழில் நடக்க வேண்டுமே!

ஆனால் 'பர்மா ராணி'யின் நாயகர்கள் விமானிகள். 1941 டிசம்பர் 23இல் ரங்கூனில் குண்டு விழுந்ததும் காடு மலை தாண்டி நடந்தவர்கள் துறைமுகக் கூலிகள், ஆலைக் கூலிகள், தோட்டிகள். அவர்களில் நம் மக்கள் ஏராளம். வெள்ளையருக்கு ஒரு பாதை, கறுப்பருக்கு ஒரு பாதை என்று பிரித்த வரலாறும் உண்டு. பாதையில் தீண்டாமை நமக்குப் புதிதா என்ன? காலராவில் விழுந்தவர்களைப் புதைக்கவும் ஆளில்லை.

எதிர்ப்பக்கம் யோக்கியமா? ஜப்பான் பிடித்திருந்த மலாயாவில் இலவசப் படக்காட்சி என்று அறிவிப்பார்கள். ரப்பர்த் தோட்டத்துத் தமிழர்கள் குழந்தை குட்டிகளோடு போவார்கள். கொட்டகை நிறைந்ததும் கதவைப் பூட்டி, ஆண்களைப் பிரித்து ரயிலில் ஏற்றிவிடுவார்கள். இது உயிர் தப்பியவர்களின் வாக்குமூலம். ரயில் போய்ச் சேர்ந்த இடம் சயாம். அங்கே 415 கிலோமீட்டர் மரண ரயில்பாதையில் ஆசியத் தொழிலாளர்கள் பல்லாயிரக்கணக்கில் செத்தார்கள். கைதான வெள்ளைச் சிப்பாய்களுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' என்று 1957இல் வந்து ஆஸ்கர் வாங்கிய படமும் இருக்கிறது. தோட்டத் தமிழர்களில் பெரும்பாலோருக்குப் பெயர்ப் பட்டியல்கூட இல்லை.

வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். பர்மாவுக்கோ மலாயாவுக்கோ போன பாட்டன், பாட்டி உங்கள் வீட்டில் இருந்தால் பெயரையும் ஊரையும் எழுதிவிட்டுப் போங்கள். திரும்பி வராதவர்கள் பெயரை முதலில் எழுதுங்கள்.