காலத்தே மருத்துவம்

பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் அன்றே மருத்துவரை நாடும் பெற்றோர், அதே பிள்ளை உறக்கமிழந்து, பள்ளி செல்ல மறுத்து, வாரக்கணக்கில் ஒடுங்கிக் கிடந்தால் வயதின் கோளாறு என்று காத்திருக்கின்றனர். உண்ண மறுக்கும் சிறுமியின் மெலிவு, சமண இல்லங்களில் உபவாசப் பற்று என்று பாராட்டப்படுவதும் நேரக்கூடும். விரதத்திற்கு நாள் வரையறையும் பாரணையும் உண்டு. நோய்க்கு அவை இல்லை. மனநோய்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு 14 வயதிற்குள் தொடங்குவதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

பெற்றோரைத் தடுப்பது பெரும்பாலும் பிள்ளையின் திருமணம் பற்றிய அச்சமே. சமுதாயம் சிறிது, செய்தி விரைந்து பரவும். அவ்வச்சம் பொய்யன்று. ஆயினும் 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், நோயாளியின் விவரங்களை மறைவாகக் காக்குமாறு மருத்துவரைப் பணிக்கிறது. உடல்நோய்க்கு உள்ளதுபோலவே மனநோய்க்கும் காப்பீடு வேண்டுமென்கிறது. 14416 என்னும் டெலிமானஸ் எண்ணில் இரவிலும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம்.

சாக விரும்புவதாகப் பிள்ளை சொன்னால் அதனை மிரட்டலென்று தள்ளலாகாது. வீட்டிலுள்ள பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் முதலில் அகற்றுக. பிள்ளையைத் தனியே விடாது அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்க. மற்ற வேளைகளில், உறக்கம், உணவு, பள்ளி வருகை ஆகியவற்றைத் தேதியுடன் குறித்து எடுத்துச் சென்றால், நோயின் போக்கை அறிய மருத்துவருக்கு அத்தாள் பெரிதும் உதவும்.