திண்ணையில் உட்காரும் பிள்ளை

எந்த ஊரானாலும், அப்பா குடித்துவிட்டு வந்தால் தம்பியைக் கூட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடும் பிள்ளைகள் உண்டு. மடியில் கணக்கு நோட்டு, காது மட்டும் வீட்டுப் பக்கம். அடி விழுவது அம்மாவுக்குத்தான் என்றாலும், அதைக் கேட்டுக்கொண்டே வளர்வதும் கொடுமைதான். "அது அவங்க குடும்ப விஷயம்" என்று நாம் கதவைச் சாத்திக்கொள்வது எனக்குப் பொறுக்கவில்லை.

கதவைச் சாத்துவதற்குப் பதில் அழைக்க ஓர் எண் உண்டு: 1098. மும்பையில் 1996-இல் தொடங்கிய சிறார் உதவி எண். 24 மணி நேரமும் இலவசம். பிள்ளையே பேசலாம், நாமும் பேசலாம். பெண்களுக்கு 181.

2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டப்படி, பாதுகாப்பு அலுவலரிடம் யார் வேண்டுமானாலும் தகவல் சொல்லலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர்மேல் வழக்கு வராது. மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் விசாரித்தால் வழி சொல்வார்கள். அம்மா மனுப் போட்டால் பிள்ளைகளைத் தற்காலிகமாக அவரிடமே ஒப்படைக்க மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். அடிக்கிறவரை வீட்டைவிட்டு வெளியேறச் சொல்லவும் அதிகாரம் உண்டு. வக்கீல் செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாகவே வக்கீல் அமர்த்தித் தரும்.