களப்போரத்துப் பாலர்களும் கடல் கடந்து வரும் கல்வியும்

முல்லைத்தீவு மாவட்டத்தின் தென்கோடியில், களப்பின் கரையில் அமைந்துள்ள மீனவக் கிராமம் கொக்கிளாய். அக்களப்பு 1951ஆம் ஆண்டிலேயே பறவைகளின் சரணாலயமாயிற்று. மனிதருக்கோ அக்கரை நிலையான புகலிடமாக இருக்கவில்லை. 1984ஆம் ஆண்டின் இறுதியில் இடம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்கள், 2009இல் போர் முடிந்த பின்னரே மீண்டு வரலாயின. அவ்வாறு மீண்ட குடும்பங்களின் குழந்தைகளுக்கு ஏற்ற பாலர் கல்வி எது?

இன்று பாலர் கல்வியும் ஏற்றுமதிப் பொருளாகிவிட்டது. எழுத்தும் எண்ணும் பாட்டும் எங்கோ ஒரு நகரில் மென்பொருளாக வடிக்கப்பட்டு, கைத்தொலைபேசி வழியே உலகெங்கும் செல்கின்றன. கல்விமுறை கடல் கடப்பது புதிதன்று. இத்தாலிய அம்மையார் மரியா மொண்டிசோரி 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்தார். 1944இல் இலங்கையிலும் பயிற்சி வகுப்பு நடத்தினார். கருவிகளைத் தந்ததோடு அமையாமல், அவற்றைக் கையாளும் ஆசிரியர்களையும் அவர் உருவாக்கினார். அம்முறை இங்கு வேரூன்றியதற்கு அது முக்கிய காரணம் எனலாம்.

அண்மைக்கால உதாரணம் ஒன்றையும் பார்ப்போம். எக்ஸ்பிரைஸ் என்னும் அமைப்பு நடத்திய போட்டியொன்றில், தன்சானியா நாட்டின் ஏறக்குறைய 170 சிற்றூர்களில், சுமார் 2,700 சிறுவர்களுக்கு டப் எனப்படும் கைக்கணினிகள் வழங்கப்பட்டன. அவர்கள் முன்பள்ளி வயதைக் கடந்தவர்களே. எனினும் பலர் பள்ளிக்கூடத்தையே அறியாதவர்கள். பாடங்கள் அவர்கள் அறிந்த சுவாகிலி மொழியில் அமைந்தன. கணினிகளுக்குச் சூரிய ஒளியால் மின்னூட்டப்பட்டது. 2019இல் இரு குழுக்கள் பரிசைப் பகிர்ந்துகொண்டன. இறுதிச் சுற்றுக்கு வந்த மென்பொருள்கள் யாவரும் எடுத்து மாற்றிப் பயன்படுத்துமாறு திறந்து விடப்பட்டன.

மாற்றும் இவ்வுரிமையே கொக்கிளாய்க்கு வேண்டுவது. நாம் ‘கதிரை’ என்பதைத் தமிழகத்தார் ‘நாற்காலி’ என்பர். நம் ‘சப்பாத்து’ அவர்களுக்கு ‘ஷூ’. தமிழிலேயே வரும் பாடமுங்கூட, மூன்று வயதுக் குழந்தைக்கு அந்நியமாய் ஒலிக்கக்கூடும். வள்ளத்தையும் வலையையும் இறாலையும் அறிந்த பாலகன், அவற்றைக் கொண்டே எண்ணத் தொடங்குவதுதான் இயல்பு அன்றோ?

பெங்களூரைச் சேர்ந்த பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் என்னும் இணையத்தளம் இதற்கு வழிகாட்டுகிறது. அங்குள்ள கதைகளை எவரும் கட்டணமின்றி எடுக்கலாம், மொழிபெயர்க்கலாம், சொற்களை மாற்றலாம், அச்சிடலாம். படங்களைக் கொண்டு புதுக்கதையும் புனையலாம். முன்பள்ளி ஆசிரியை ஒருவர் ஒருமுறை பதிவிறக்கி அச்சிட்டுக்கொண்டால், பின்னர் மின்சாரமோ இணையமோ இன்றியும் வகுப்பு நடைபெறும்.

கருவிக்கும் ஓர் எல்லை உண்டு. இரண்டு முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைகள் திரையின் முன் அமர்ந்திருக்கும் நேரம் நாளொன்றுக்கு ஒரு மணிக்கு மேற்படலாகாது என்றும், குறைந்தால் நன்று என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது. ஆகவே கருவி ஆசிரியையின் கையில் இருக்கட்டும். குழந்தையின் கையில் மணலும் சிப்பியும் இருக்கட்டும்.

பெறுவதோடு நாம் நின்றுவிட வேண்டுவதில்லை. களப்பையும் கொக்கையும் பற்றிக் கொக்கிளாய்ப் பாட்டி சொல்லும் கதையை, அவர் குரலிலேயே பதிந்து, சிறுவர் வரைந்த படங்களோடு உலகுக்கு அளிக்கலாம். தொரொன்ரோவிலும் பாரிசிலும் வளரும் தமிழ்க் குழந்தை அதைக் கேட்கும் நாளில், கொக்கிளாயும் பாலர் கல்வியை ஏற்றுமதி செய்யும் ஊராகும்.