கடன் வாங்க முடியாத எண்ணெய்

(பொதுக்காலம் 32-ஆம் ஞாயிறு: வானொலி மறையுரை)



இன்றைய நற்செய்தி பத்துத் தோழியர் உவமை. பத்துக் கன்னியர் உவமை என்றுதான் நம் வீட்டுப் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். குருவான இந்த இருபத்தாறு ஆண்டுகளில் இதைப் பற்றிப் பலமுறை மறையுரை ஆற்றியிருக்கிறேன். ஆனால் ஓர் இடத்தை மட்டும் எப்போதும் வேகமாகத் தாண்டிவிடுவேன். எண்ணெய் தீர்ந்தவர்கள் கேட்கிறார்கள். வைத்திருப்பவர்கள் கொடுக்க மறுக்கிறார்கள். இருப்பதைப் பகிரச் சொன்ன ஆண்டவர், பகிர மறுத்தவர்களையா பாராட்டுகிறார்? மறைக்கல்வி வகுப்பில் ஒரு சிறுமி இதையே கேட்டாள். "கொஞ்சம் கொடுத்திருக்கலாமே, ஃபாதர்?" நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அவளுக்கான பதில் எனக்குக் கிடைத்தது கடந்த சனவரி மாதம், சென்னையில், நடுச்சாலையில், இரண்டு கால்களும் மரக்கட்டையாகிப்போன நிலையில்.

எங்கள் பங்கில் ஒரு குடும்பத் தலைவருக்குச் சிறுநீரகம் பழுதாகி, வாரத்துக்கு இரண்டு முறை டயாலிசிஸ் நடக்கிறது. அவருக்கு உதவ இளைஞர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். சென்னையில் நடக்கும் மாரத்தானில் ஓடுவது. ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் இவ்வளவு என்று நன்கொடை சேர்ப்பது. ஆகஸ்டில் விண்ணேற்பு விழா முடிந்த கையோடு கூட்டம் போட்டார்கள். ஆசி கொடுக்கப் போன நான், உற்சாகத்தில், "நானும் முழு மாரத்தான் ஓடுகிறேன்" என்று சொல்லிவிட்டேன். பலத்த கைத்தட்டல். மாரத்தான் என்றால் 42.195 கிலோமீட்டர். எனக்கு வயது 54. குருமடத்தில் 1500 மீட்டர் ஓட்டத்தில் பரிசு வாங்கியவன் என்ற நினைப்பு வேறு.

மறுநாளே ஷூ வாங்கினேன். முதல் வாரம் பள்ளி மைதானத்தில் நான்கு நாள் ஓடினேன். இரண்டாம் வாரம் இரண்டு நாள். அப்புறம் ஆலய மேற்கூரை வேலை வந்தது, ஆயர் வருகை வந்தது, கல்லறைத் திருநாள் வந்தது, கிறிஸ்து பிறப்பு விழா வந்தது. எல்லாம் கடவுளின் வேலைதானே! ஷூ டப்பாவுக்குள் கட்டிலடியில் இருந்தது. காலை ஐந்து மணிக்கு என் அறை சன்னலுக்குக் கீழே இளைஞர்கள் ஓடும் சத்தம் கேட்கும். போர்வையை இழுத்துக்கொண்டு, 'பாவம், நல்ல பிள்ளைகள்' என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த நாள் வந்தது. விடியுமுன் இருட்டில் நேப்பியர் பாலத்தில் ஆயிரக்கணக்கானோருடன் நானும் நின்றேன். புறப்படும்போது எல்லாருடைய கால்களும் ஒன்றுபோலத்தான் தெரிந்தன. கடற்கரைச் சாலையில் குளிர்ந்த காற்று. பத்து கிலோமீட்டர் வரை, 'இதற்கா ஐந்து மாதம்?' என்று உள்ளூரச் சிரித்தேன். உவமையிலும் அப்படித்தான். பத்துப் பேரும் அழைக்கப்பட்டவர்கள்; பத்துப் பேர் கையிலும் விளக்கு இருந்தது. பத்துப் பேரும் தூங்கினார்கள் என்று நற்செய்தி தெளிவாகச் சொல்கிறது. முன்மதி உள்ளவர்களும் தூங்கினார்கள்! நள்ளிரவு வரை யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

இருபதாவது கிலோமீட்டரில் முழங்கால் முணுமுணுத்தது. முப்பதைத் தொடும்போது என் உடம்பு என்னுடையதாக இல்லை. ஒவ்வோர் அடிக்கும் கால்களிடம் மன்றாட வேண்டியிருந்தது. உள்ளங்கால் கொப்புளம் உடைந்து காலுறை நனைந்திருந்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

என்னோடு எங்கள் பங்கைச் சேர்ந்த ஒரு சகோதரி ஓடிக்கொண்டிருந்தார். செவிலியர். இரவுப் பணி முடித்து வந்து, தூங்காமல் மைதானத்தில் பயிற்சி செய்தவர். என் உடம்பில் என்ன நடந்தது என்பதைப் பிறகு அவர்தான் விளக்கினார். நம் உடல் தசைகளிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜன் என்ற சர்க்கரையைச் சேமித்து வைக்கிறது. பெரும்பாலோருக்கு முப்பது கிலோமீட்டர் வாக்கில் அது வற்றிவிடும். வாரா வாரம் தூரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி ஓடிய உடல், கொழுப்பையும் எரித்து, சர்க்கரையை மிச்சம்பிடிக்கக் கற்றிருக்கும். மூச்சு சில வாரங்களில் பழகிவிடும். தசைநாண்களும் எலும்புகளும் பழக மாதங்கள் ஆகும். அவற்றை அவசரப்படுத்த முடியாது.

அந்தச் சகோதரி எனக்கு என்னவெல்லாம் கொடுத்தார் தெரியுமா? இடுப்புப் பையிலிருந்த உப்புக் கரைசலைக் கொடுத்தார். ஆரஞ்சுச் சுளை கொடுத்தார். நடக்கத் தோள் கொடுத்தார். தன் ஓட்டத்தையே நிறுத்தி என்னோடு நடந்தார். எதையும் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஐந்து மாதக் காலைப்பொழுதுகளை அவரால் எனக்குக் கொடுக்க முடியவில்லை. கொடுக்க மனமில்லாமல் இல்லை. அவை அவருடைய கால்களுக்குள் இருந்தன. எண்ணெய் என்றால் இதுதான் என்று அப்போது எனக்குப் புரிந்தது. "நீ போம்மா, உன் கிலோமீட்டருக்கும் பணம் இருக்கிறது" என்றேன். தயங்கித் தயங்கித் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். முழுதும் ஓடி முடித்தார். நான் 31-ஆம் கிலோமீட்டரில், பின்தங்கியவர்களை ஏற்றிவரும் வண்டியில் ஏறினேன். ஓடாத பதினோரு கிலோமீட்டருக்கான தொகையை என் கையிலிருந்து கட்டினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

திருத்தூதர் பவுல் கொரிந்தியருக்கு ஓட்டப் பந்தயத்தை உதாரணமாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. கொரிந்துக்குப் பக்கத்திலேயே இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இஸ்த்மிய விளையாட்டுகள் நடந்தன. வீரனின் ஒறுத்தல் என்ன என்பது அந்த மக்களுக்குத் தெரியும். ஒலிம்பியாவில் போட்டியிட வந்தவர்கள், பத்து மாதம் முறைப்படி பயிற்சி செய்தோம் என்று சத்தியம் செய்ய வேண்டும். நேப்பியர் பாலத்தில் என்னிடம் அப்படிக் கேட்டிருந்தால் அங்கேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

அருள் கடவுளின் இலவசக் கொடை ஆயிற்றே, அதற்குப் பயிற்சி எதற்கு என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அழைப்பு இலவசம், விருந்தும் இலவசம். அந்தச் சாலையையும் காற்றையும் நானா உண்டாக்கினேன்? என் பங்குக்கு நான் செய்ய வேண்டியிருந்தது, காலை ஐந்து மணிக்குக் கட்டிலைவிட்டு இறங்குவது மட்டுமே.

இதைக் கால்வலியோடு விட்டிருப்பேன். சூன் மாதம் ஓர் இரவு, ஊரிலிருந்து தொலைபேசி வந்தது. என் மூத்த அண்ணன் மாரடைப்பில் இறந்துவிட்டார். திருநெல்வேலிப் பேருந்தில் இரவு முழுதும் செபிக்க முயன்றேன். வாய் வரவில்லை. வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது; ஆனாலும் சொல்கிறேன். பல மாதங்களாக நான் கட்டளைச் செபத்தை அரைகுறையாகத்தான் சொல்லிவந்தேன். மேற்கூரை வேலை, ஆயர் வருகை என்று அதற்கும் அதே காரணங்கள்தாம். எத்தனையோ இறப்பு வீடுகளில் ஆறுதல் சொன்ன குரு, தன் சொந்த இருட்டில் விளக்கில்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்குப் போனபோது அண்ணன் உடலருகே அக்கா அமர்ந்திருந்தார். அழுதுகொண்டேதான் இருந்தார். ஆனால் விரல்கள் ஜெபமாலையில் போய்க்கொண்டே இருந்தன. 53 மணியும் தாமாகவே நகர்ந்தன. நாற்பது ஆண்டுகளாக, உலையில் அரிசி வேகும் நேரத்தில், தினமும் சொன்ன ஜெபமாலை அது. யாரும் அதைப் பெரிதாக எண்ணியதில்லை, நானும்தான். என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் கொடுத்தார். "நீ சொல்லுப்பா" என்று ஜெபமாலையை என் கையில் வைத்தார். மணிகளைத்தான் அவரால் கொடுக்க முடிந்தது. இரண்டாவது மறைபொருளில் நான் தடுமாறியபோது, அவரே எடுத்து முடித்தார்.

இளைஞர்கள் இந்த ஆண்டும் பயிற்சி தொடங்கிவிட்டார்கள். வரும் சனவரிக்கு என் பெயரைச் சேர்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். காலை நாலரைக்கு எழுந்து, முதலில் ஆலயத்தில் கட்டளைச் செபம், பிறகு மைதானம். நேற்று எட்டு கிலோமீட்டர் ஓடினேன். அந்தச் செவிலியச் சகோதரி என்னை இரண்டு முறை சுற்றி முந்திப் போனார். அடுத்த வாரம் ஒன்பதுக்குப் போகலாம் என்கிறார். அதற்கு மேல் கூடாதாம்.